இறங்கிக்கொண்டே போன சீட்

ஆயுத பூஜை லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலையில், சைக்கிளில் நிமிர்ந்து ராணி மாதிரி உட்கார்ந்துதான் போனேன். அரியூரைத் தாண்டுவதற்குள் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கத் தொடங்கிவிட்டது. சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. திருபுவனையில் கம்பெனி கேட்டை அடைந்தபோது, யாரோ பாப்பாவின் சைக்கிளைத் திருடிக்கொண்டு வந்தவள் போல இருந்தேன். செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்கென்ன, மோட்டார் பைக்கில் வருகிறவர்.

எனக்கு வலது முழங்கால் தேய்மானம். சீட்டை உயர்த்தி வைத்து, காலை அதிகம் மடக்காமல் மிதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றே வேலை. இப்படிக் குந்திக்கொண்டு வந்து நின்றால் சாயங்காலம் கால் வீங்கிவிடும். போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கிப் பார்த்தேன். மறுநாளும் இறங்கியது.

காரணம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை சரியாக வராமல் வீட்டோடு இருந்தார். "நான் இன்னாத்துக்குடி லாயக்கு?" என்று கேட்காத நாளில்லை. அப்படிப்பட்ட மனுஷன் பூஜைக்காக என் சைக்கிளைக் கழுவ உட்கார்ந்தார். ஒரே கையால் செயின், பெடல், சக்கரம் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டார். சீட்டைத் தாங்கும் பைப்பையும் உருவி, துரு ஏறக்கூடாது என்று கிரீஸை வழித்துப் பூசினார். சந்தனம் குங்குமம் வைத்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

அந்த கிரீஸால்தான் சீட் வழுக்குகிறது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் இனி ஸ்பேனரையே தொடமாட்டார்.

கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்கிறவளிடம் புலம்பினேன். ஷிப்ட் விட்டதும் அவள் பைப்பை உருவிப் பார்த்து, "இன்னாக்கா, அப்பளம் பொரிக்கப் போறியா?" என்றாள். ரோட்டோரப் புழுதியைப் போட்டுத் தேய்த்துப் பழந்துணியால் துடைத்தோம். பிறகு அவள் புதரில் கிடந்த காலி பீர் டின் ஒன்றைக் கொண்டுவந்தாள். தெருவுக்கு ஒரு பிராந்திக் கடை இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குப் பஞ்சமா என்ன! யூனிபார்ம் போட்ட இரண்டு பொம்பளைகள் பீர் டின்னும் கையுமாக நின்றதை பஸ்ஸில் போனவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். டின்னிலிருந்து ஒரு பட்டையை வெட்டிப் பைப்பில் சுற்றிச் சொருகி, போல்ட்டை இறுக்கினாள். அதன் பிறகு சீட் அசையவில்லை.

வீட்டில் அவர் கண்ணில் அது உடனே பட்டுவிட்டது. "இன்னாடி இது, பளபளன்னு?"

"பழைய வண்டிதானே. பைப்பு போற ஓட்டை லூசாயிடுச்சுங்க, அதான் டின்னு வெட்டிச் சொருகினோம்," என்றேன்.

சீட்டுக்குக் கீழே கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "ம்," என்றார். டீ கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வருஷப் பூஜைக்கும் சைக்கிளோடு உட்கார்ந்தார். இடது கை துணியைப் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தது. நான் பொரியில் வெல்லமும் கடலையும் கலந்தபடி, கிரீஸ் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். செயின் முடிந்தது, பெடல் முடிந்தது, சீட்டை உருவினார். என்ன சாக்குச் சொல்லித் தடுப்பது என்று தெரியாமலே வெளியே ஓடினேன்.

அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டிருந்தார். காய்ந்த துணியால் பைப்பைத் துடைத்து, அந்த டின் பட்டையை முடியாத கையாலேயே அழுத்திப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்டும் கிரீஸ் கூடாதுடி. போன வருசம் ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட இல்ல?"

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. நான் பூசுன கிரீஸு ஒரு பொட்டு இல்லாம தொடச்சிருந்தியே." போல்ட்டை முறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "அன்னிக்கு நீ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, இன்னிக்கு இத்தத் தொட்டிருக்க மாட்டேன்."

பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏறி உக்காரு. உயரம் சரியா இருக்கான்னு பாக்கணும்."

கையில் வெல்லப் பிசுக்கோடு ஏறி உட்கார்ந்தேன். சீட் அப்படியே நின்றது. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.