கோணியில் அடங்காத செவலை

எங்கள் ஊர்ப் பவுண்டில் நாய்க்குட்டிகளை வைத்துச் சோறு போட்டு, வீடு பார்த்துக் கொடுத்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரைச் சுற்றியிருந்த கொல்லைகளில், பம்புசெட்டுக்குப் பம்புசெட்டு குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் பல எங்கள் கைச்சோறு தின்றவை. இதை நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்வேன்.

பவுண்டு என்பது அடுத்தவர் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற இடம். மாடு அடைப்பது குறைந்துபோய், பஞ்சாயத்தே அதை மறந்துவிட்டிருந்தது. இடுப்பளவு சுவர், ஒரு வேப்பமரம், விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். எங்கள் மாதர் சங்கத்துத் தையல் மெஷினுக்கு இடம் வேண்டும் என்று கேட்டுத்தான் சாவியை வாங்கினோம். மெஷினுக்கு முன்னால் குட்டிகள் வந்துவிட்டன. பொட்டைக் குட்டிகளைக் கோணியில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். ஒரு மழை நாளில் என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அப்படி ஒரு மூட்டையைத் தூக்கி வந்து பவுண்டில் அவிழ்த்தார். தையல் மெஷின் கடைசிவரை வரவே இல்லை.

வீட்டுக்கு வீடு மிச்சக் கஞ்சி வாங்குவோம். ரைஸ்மில்லில் நொய் கொடுப்பார்கள். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம். அவர்கள் வீட்டுக்கு நான் ஒரு நடை போய்ப் பார்ப்பேன். அடுப்படியில் சோறு வடிக்கிறவர் யாரோ அவரிடம்தான் பேசுவேன். ஆண்பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள், சரிதான்; ஆனால் சோறு போடப்போவது அவர்கள் இல்லையே. சோறு வடிக்கிற கை ஒப்புக்கொண்டால்தான் குட்டி. ஊர்க்கோடி இருளர் குடிசைகளில் மட்டும் இந்தப் பேச்சுக்கே வேலை இருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி யாராவது ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறியிருக்கும்.

கொண்டுபோய் விடும்போது மட்டும் நாங்களும் கோணியைத்தான் எடுத்தோம். கண் தெரியாமல் தூக்கிப்போனால் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேசாத நம்பிக்கை. பூனைக்கும் அதேதான். குட்டிகளிடம் அது பலித்தது. செவலையிடம்தான் எங்கள் மானம் போனது.

செவலை வளர்ந்த பொட்டை நாய். அதை வளர்த்த குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டது. நாயை விட்டுவிட்டுப் போனார்கள். அது பூட்டிய கதவின் முன்னால், வாசற்படியிலேயே படுத்துக் கிடந்தது. பவுண்டுக்கு இழுத்து வந்தால் சுவரைத் தாண்டி மறுபடி அங்கேயே போய்விடும். திருமுக்கூடலில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குக் கொடுத்தோம், திரும்பி வந்தது. சரி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஓரிக்கையில் கொடுக்கலாம் என்று பஸ்ஸில் ஏறினோம். மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "பூசணிக்கா" என்றார். பாதி வழியில் மூட்டை குரைத்தது.

"இன்னாமா, உங்க ஊர் பூசணிக்கா கொலைக்குது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் ஓரிக்கை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தனை அவமானமும் வீணாய்ப் போனது. நகத்திடுக்கில் பாலாற்று மணலோடு செவலை அதே வாசற்படிக்கு வந்து சேர்ந்தது.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. விதை டெப்போவுக்கு மாற்றலாகி வந்த கிளார்க்கும் அவர் மனைவியும். வந்தவாசிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் இருக்கும். நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்ச வந்தார்கள். அவள் பால் செம்போடு நிற்கிறாள், படியில் செவலை. அது பல்லைக் காட்டவில்லை என்று சொன்னால் பொய். விரட்டிப் பார்த்தார்கள், நகரவில்லை. நல்ல நேரம் கழிந்து, அவர்கள் பஜார் தெருவில் இருந்த அவளுடைய அத்தை வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். கிளார்க் நேராகப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய்விட்டார்.

தலைவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "வியாயக்கெயம நாய் சுடறவன் வரான்மா. அதுக்குள்ள இத்த எங்கனா கொண்டும்போய் வுட்டுட்டா சரி. இல்லன்னா மொதல்ல இதுக்குத்தான். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வீட்டைக் காவல் காத்ததற்குத் துப்பாக்கியா என்று கேட்டேன். அவர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா, "தாமலுக்கு இட்டுக்கினு பூட்லாம். அது தொலவு. ஒரு கோணிக்கு ரெண்டு கோணியா போட்டுக் கட்டலாம்" என்றார்.

"எத்தினி கோணி போட்டாலும் வந்துடும்க்கா. அதுக்குத்தான் வூடு கீதே. அந்த வூட்லதான் அதுக்கு ஆளு இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. நாங்கள் இத்தனை நாளாக வீடு இருக்கிற நாய்க்கு வீடு தேடி அலைந்திருக்கிறோம். நேராகப் பஜார் தெருவுக்கு நடந்தேன். கிளார்க்கிடம் பேசவில்லை. சோறு வடிக்கிற கையைத் தேடிப் பின்கட்டுக்குப் போனேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதுமே முறத்தை வைத்துவிட்டாள். "எனுக்கு நாயின்னாலே பயம்க்கா. மொறைச்சிக்கினு படுத்துக்கினு கீது, எப்டி உள்ள போவேன்?"

"தோட்டத்து வாசலால போறதுதான?"

"புது வூட்டுக்கு யாருனா பின்பக்கமா போவாங்களா?"

"அதுவும் அப்டித்தான். அது ஆளுங்க தலைவாசல் வழியா வருவாங்கன்னு அங்கியே காத்துக்கினு கீது. நீ போம்மா. ஒரு புடி சோறு எடுத்துக்கினு போ. நான் கூட வரேன்."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று சொன்னேன். எழுந்துபோய்ப் பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்தாள்.

முதல் தடவை தெருவின் எதிர்ப்பக்கத்தில் சோற்று இலையை வைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். செவலை நாங்கள் போகும்வரை தொடவில்லை. அப்புறம் காலையும் மாலையும் வந்தோம். இலை கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்குக் கிட்டே போனது. புதன்கிழமை சாயங்காலம் நான் வேண்டுமென்றே தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். அவள் தனியாகப் போனாள். இலையைப் படி மேலேயே வைத்தாள். செவலை தின்றது. அவள் ஓடிவரவில்லை, அங்கேயே குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் நல்ல நேரம். பால் செம்பு, குத்துவிளக்கு, அத்தை, கிளார்க், நாங்கள். அவளைப் பார்த்ததும் செவலை எழுந்து படியை விட்டு இறங்கி நின்றது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். அவள் வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள். பின்னாலேயே செவலையும் போய் ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தது. பழைய ஆட்களைத் தேடுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் அடுப்படி வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. பால் பொங்கி வழிந்தது. அவள் சாமிக்கு வைத்துவிட்டு அடுத்த கரண்டியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி அதன் முன்னால் வைத்தாள்.

"நம்பளுக்கெல்லாம் குடுக்காங்காட்டியும் நாய்க்கா?" என்றார் அத்தை.

"இந்த வூட்டுக்கு நம்பளுக்கு முன்னாடி வந்தது அதுதான அத்த" என்றாள் அவள்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நாய் சுடுகிறவன் அந்தத் தெருவுக்கு வந்தபோது, செவலையின் கழுத்தில் அவளுடைய பழைய புடவைக் கரை கட்டியிருந்தது. தலைவரும் கூட வந்தார். பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார். நான் வேண்டுமென்றே அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

சில வருடங்கள் கழித்துக் கிளார்க்குக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் அந்த வாசற்படிக்குத் திரும்பிய நாய், படியை விட்டுக் கிளம்புமா? சாமான் ஏற்றும் அன்று போனால், எனக்கு முன்னால் அக்கா கையில் கோணியோடு நிற்கிறார். செவலை வழக்கம்போலப் படியில் படுத்திருந்தது.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆளிடம் சாவியைக் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு போய் லாரியின் முன்சீட்டில் ஏறினாள். நாயை அவள் கூப்பிடக்கூட இல்லை. செவலை எழுந்தது, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது, ஓடிப்போய் லாரியின் பின்னால் மெத்தைச் சுருட்டின் மேல் தாவி ஏறி உட்கார்ந்தது. அக்கா கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பல மாதங்கள், அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அந்த வாசற்படியைப் பார்த்துக்கொண்டே போனேன். செவலை திரும்பி வரவே இல்லை.