குறுக்கு விசாரணைக்குக் காத்திருந்த டாக்டர் ஞானசெல்வி

டாக்டர் ஞானசெல்வி காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு போலீஸ்காரர். வீட்டார் சொல்லவில்லை, சபையார் சொல்லவில்லை. காலையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சிஸ்டர், சுகமா இருக்கியளா? டாக்டரம்மா தவறிட்டாவன்னு ஒரு பேச்சு அடிபடுது. நெசந்தானான்னு கேட்டுக்கிடலாம்னு..." என்று குரல் இழுத்தது. அத்தனை பணிவான குரல். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பெயரைச் சொல்லாமல் ஸ்டேஷன் பெயரை மட்டும் சொன்னார். அந்த ஸ்டேஷன்காரர்கள் சிலர் மேல்தான் கொலை வழக்கு நடக்கிறது. அதில் முக்கியமான சாட்சி எங்கள் டாக்டரம்மா. அவர் மூச்சு நின்ற செய்தி, அழ வேண்டியவர்களுக்கு முன்னால் அவர்களுக்குப் போய்விட்டது.

போனை வைத்துவிட்டு அவருடைய தம்பியை அழைத்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அதற்குமேல் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

நான் ரோஸ்லின். தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டரம்மா பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி அங்கே வந்தபோது, அவருக்குக் கோபம் மூக்கின் மேல் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னது உண்மைதான். ஊசி போடும் இடத்தில் பஞ்சு சிந்திக் கிடந்தால் அன்று எங்களுக்கு ஏச்சு உறுதி. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரித்துக் கொண்டுவந்து, காலையில் ஏசின ஆளுக்கே முதலில் நீட்டுவார். "தின்னு. ஏச்சு வாங்குத தெம்பு வேணும்லா" என்பார்.

போலீசார் ஒருவரைக் கைது செய்தால், சிறைக்கு அனுப்புமுன் அரசு டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். உடம்பில் காயம் இல்லை, சிறைக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். சட்டம் அப்படி. நான் பார்த்த பல இடங்களில், கைதி வாசலில் நிற்பார், டாக்டர் நாற்காலியில் இருப்பார், கையெழுத்து நடுவில் நடந்துவிடும். டாக்டரம்மா வந்த முதல் வாரமே அந்த வழக்கத்தை நிறுத்தினார். போலீசாரை வெளியே அனுப்புவார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார். பிறகு செருப்பில்லாமல் கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வரச் சொல்வார். உள்ளங்காலில் அடித்தால் வெளியே தெரியாது, ஆனால் அடிபட்டவனால் பாதத்தை நிறைய ஊன்றி நடக்க முடியாது. அதற்காகத்தான் இந்த நடை.

ஒருமுறை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "என்ன டாக்டர், சந்தையில மாடு பிடிக்க மாதிரி நடக்கவிட்டுப் பாக்கிய?" என்று கேட்டார்.

"மாட்டுக்கு வாய் கிடையாது. இவனுக்கு இருந்தும் தெறக்க மாட்டுக்கான். அதான் காலுகிட்ட கேக்கேன்" என்றார் டாக்டரம்மா, தலையைத் தூக்காமல்.

சுடலைமுத்துவைக் கூட்டிவந்தது ஒரு மழைநாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள், வாழைத்தார் சுமக்கும் கூலி. யாரோ ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் களவு போனதற்குச் சந்தேகத்தின் பேரில் பிடித்திருந்தார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்" என்றார் கூட வந்த ஏட்டு. டாக்டரம்மா வழக்கம்போல் அவரை வெளியே அனுப்பிவிட்டு நடக்கச் சொன்னார். சுடலைமுத்து இரண்டு எட்டு வைத்தார், சுவரைப் பிடித்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கால் இரண்டும் பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. முதுகைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. "எனக்குக் கொஞ்சம் தண்ணி தருவியளா" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா காயங்களை எல்லாம் ஒன்று விடாமல் எழுதினார். இவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது, இப்போதே படுக்கையில் சேர்க்கவேண்டும் என்றும் எழுதினார். வெளியே வந்து ஏட்டிடம், "ரெண்டு உள்ளங்காலும் சேந்தா வழுக்கிச்சு?" என்று கேட்டார். ஏட்டு வாசலில் நின்ற போலீசாரைக் கையசைத்துக் கூப்பிட்டார். எங்கள் கண் முன்னாலேயே சுடலைமுத்துவைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா மழையில் நனைந்துகொண்டு ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் பார்த்து, அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார். சில நாளில் கிளைச்சிறையில் சுடலைமுத்து இறந்துபோனார். மோட்டார் பிற்பாடு கிடைத்தது. தோட்டக்காரரின் பங்காளி ஒருவர் சொல்லாமல் எடுத்துப்போயிருந்தாராம்.

பிரேதப் பரிசோதனையில் இருதயம் நின்றதாக எழுதினார்கள். ஸ்டேஷன் காமிரா அந்த வாரம் பழுது என்றார்கள். நானும் பார்த்தேன் என்று சொல்லிப் பார்த்தேன்; நர்ஸ் சொல்லும் காயத்துக்குக் கோர்ட்டில் கனம் இல்லை என்று என்னைச் சாட்சியாகவே சேர்க்கவில்லை. டாக்டரம்மா எழுதிய சீட்டும் அவரே கூண்டில் ஏறி உறுதி சொன்னால்தான் செல்லும். ஆக, சுடலைமுத்து உடம்பில் என்ன இருந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார்.

அவரை முதலில் மலைப் பக்கம் மாற்றினார்கள், பிறகு கடற்கரைப் பக்கம். பேசிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், பயம் காட்டவும் வந்தார்கள். அதெல்லாம் அவரைப் பெரிதாக அசைக்கவில்லை. அசைத்தது நம்முடைய ஆட்கள்தான். கையில் மாவுக்கட்டோடு நிற்கும் கைதிகளின் படத்தைச் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பி மகிழ்கிறோமே, அந்தப் படங்கள் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவிலும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்களோடு பாடல் குழுவில் இருக்கும் ஒரு டீச்சர், "களவாணிக்கு நாலு அடி விழுந்தா என்ன டாக்டர்? அதுக்குப் போயி இவ்வளவு பாடு" என்றார். டாக்டரம்மா, "களவாணியா இல்லியான்னு அடிச்சுக் கொன்ன பெறகுதான் பாக்கணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நடந்தார். போலீஸ்காரரை விட அந்த டீச்சர்தான் அவர் மனதை உடைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

டாக்டரம்மா எழுதியதை வைத்துப் போட்ட கொலை வழக்கு பல வருஷம் கழித்து ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. டாக்டரம்மா கூண்டில் ஏறி அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இனி எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். அங்கேதான் வாய்தா ஆரம்பித்தது. ஒருநாள் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. ஒருநாள் எதிரிகள் என்று கூண்டில் நின்ற போலீசாரில் ஒருவருக்குப் பந்தோபஸ்து வேலை. ஒருநாள் நீதிபதி மாற்றலாகிவிட்டார். இடையில் சட்டங்களுக்கே பெயர் மாற்றினார்கள், வாய்தா மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் டாக்டரம்மா தவறாமல் போனார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சுடலைமுத்துவின் தாயார் பேச்சியம்மாளும் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார். இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பேச்சியம்மாளுக்கு டாக்டரம்மாவின் சொல்தான் அம்பலம் ஏறும் சொல். அதனால் அவர் தும்மினால்கூட அந்த அம்மாளுக்குப் பயம். "வெந்நி குடிச்சியளா டாக்டரம்மா? மழையில நனையாதிய" என்று அதட்டுவார்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் டாக்டரம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். குற்றவியல் படிக்கும் ஒரு மாணவி, காவல் மரணங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று அவரைப் பார்க்க வந்திருந்தாள். அவளிடம், "பாதி சாட்சி சொன்ன டாக்டர் செத்துப்போனா அந்தப் பாதிக்கு என்ன மதிப்புன்னு ஒரு ஆராய்ச்சி பண்ணும்மா. எனக்குக் கொஞ்சம் அவசரமாத் தெரியணும்" என்றார். அந்தப் பெண் சிரித்தாள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பதில் எங்களுக்குத் தெரிந்ததுதான். குறுக்கு விசாரணை செய்யப்படாத சாட்சியைக் கோர்ட்டு பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிடும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் வைத்தே விசாரிக்கலாம், வீடியோவில் விசாரிக்கலாம் என்று அரசுத் தரப்பில் மனுக் கொடுத்தார்கள். சாட்சியை நேரில் கூண்டில் பார்த்துத்தான் கேட்பேன் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். அந்த மனுவுக்கும் ஒரு வாய்தா விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது டாக்டரம்மா எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "ரோஸ்லின், வலிக்கு மருந்து கூடப் போட்டா ஞாபகம் தப்பிரும். அடுத்த வாய்தா வரைக்கும் கொறச்சுப் போடச் சொல்லு" என்றார். ஒரு டாக்டருக்கு அந்த வலி எப்படிப்பட்டது என்று தெரியாதா? தெரிந்துதான் கேட்டார். நான் அவர் சொன்னபடியே சொன்னேன். அவ்வளவு வலியையும் தாங்கினாரே, அதுகூட வீணாய்ப் போயிற்றே என்று நினைக்கும்போது எனக்கு யார் மேலும் நம்பிக்கை வரவில்லை. ஜெபம் செய்யவும் வாய் வரவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர், நம் சகோதரி தம் வேலையை நிறைவாக முடித்துவிட்டு இளைப்பாறப் போயிருக்கிறார் என்றார். எனக்கு எழுந்து, இல்லை ஐயா, முடிக்கவில்லை, முடிக்க விடவில்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்து, "இனி கேஸு என்னாவும் சிஸ்டர்?" என்று கேட்டார். இந்த நேரத்தில் இதையா கேட்பாள் என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். வேறு எதைக் கேட்பார், பெற்ற தாய்?

அடுத்த வாய்தாவுக்குப் பேச்சியம்மாளோடு நான் போனேன். கோர்ட்டு டவாலி வாசலில் நின்று டாக்டரம்மாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். இறப்புச் சான்று கோர்ட்டில் ஏறும் வரை கூப்பிடத்தான் வேண்டுமாம். அன்று எதிரிகள் ஒருவர் பாக்கியில்லாமல் சலவைச் சட்டையில் நின்றார்கள். வக்கீலுக்கு உடம்பு நன்றாக இருந்தது. வாய்தா கேட்கவில்லை. குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பில்லாமல் போனதால் இந்தச் சாட்சியத்தை ஒதுக்க வேண்டும் என்று, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த மனுவை நீட்டினார். தீர்ப்பின்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி. வெளியே வந்து அரசு வக்கீல், "மனசத் தேத்திக்கிடுங்கம்மா" என்று பேச்சியம்மாளிடம் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா, உங்களைப் பொய் சொல்லி வழியனுப்ப எனக்கு மனமில்லை. நீங்களும் பொய்யைப் பொறுக்க மாட்டீர்கள். இந்த வழக்கு நிற்கும் என்று நான் நம்பவில்லை. உங்களைப் போல் இன்னொருவர் வருவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வலி இல்லாமல் தூங்குங்கள். இனிமேல் யாரும் உங்களுக்கு மருந்தைக் குறைக்க வேண்டியதில்லை.

கோர்ட்டிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றார் பேச்சியம்மாள். ஆட்டோவில் கூட்டிப் போனேன். மண் இன்னும் இறுகாமலே இருந்தது. அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மண்மேல் கிடந்த சருகுகளைப் பொறுக்கிப் போட்டார். பிறகு, கோர்ட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டியவரிடம் சொல்வதுபோல், பையச் சொன்னார்:

"இன்னைக்கி அந்த வக்கீலு வந்துட்டாரு டாக்டரம்மா. எல்லாவனும் வந்துட்டானுவ. நீங்கதான் வரல."