காற்றுப் புகாத பட்டறை

கார்ட்டூனில் அணிலும் எலியும் துரத்திக்கொண்டு ஓடிப்போன பிறகு திரையில் மிச்சம் இருக்கிறதே வயல், மரம், கொட்டகை, அதை வரைவதுதான் என் தொழில். யாரும் அதைப் பார்ப்பதில்லை. இருபது வருடங்களாக என் மானத்தைக் காப்பாற்றி வந்தது அந்த அலட்சியம்தான்.

இந்த முறை கதை வெங்காயக் காட்டில் நடக்கிறது. டைரக்டர் சென்னைக்காரர். "மாதிரிக்குப் போட்டோ அனுப்பட்டுமா?" என்று கேட்டார். "நான் குன்னத்துக்காரன் சார், எனக்கே போட்டோவா?" என்றேன். குரலில் மண்வாசனையைக் கொஞ்சம் தூக்கலாகவே சேர்த்திருந்தேன். அரியலூர் வாடகை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையை வரைந்தேன். காட்சியின் இடது பக்கம் அடர்த்தியாக ஒரு நிழல் தேவைப்பட்டது. சுற்றிலும் மண்சுவர் எழுப்பி, வைக்கோல் கூரை போட்டு, ஒரு குட்டிக் கதவும் வைத்தேன். பிரமாதமாக இருந்தது. மறுநாள் மாலையோடு படங்களை முடித்து வாங்கிக்கொள்வதாக டைரக்டர் சொல்லியிருந்தார்.

அதற்குள் அக்காவுக்குக் காட்டலாம் என்று காலையிலேயே குன்னத்துக்கு பஸ் ஏறினேன். நம் காட்டை வரைந்திருக்கிறேன் என்று போனில் சொல்லித் தொலைத்திருந்ததால், அவள் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்து, என் படத்தின்மேல் அணிலை ஓடவிட்டு டைரக்டர் அனுப்பியிருந்த மாதிரிக் காட்சியைப் போட்டேன்.

"என்ன மாப்ள இது? வெங்காயத்துக்கு சமாதியா?" என்றார் மாமா.

"பட்டறை மாமா."

"இதுலயா? மூணாம் நாளே அழுகி ஊரே நாறிப்போவும். காத்து எங்கிட்டுப் போவும்?"

பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா முகம் சிவந்துவிட்டது. "அது ஆட்டுக் கொட்டாய்டி," என்றாள் அவளிடம். "தம்பிக்குத் தெரியாதா? பட்டறை அந்தாண்ட இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் குட்டிக் கதவைத் திறந்துகொண்டு அணில் வெளியே வந்தது. இரண்டு கைகளிலும் வெங்காயம்.

"ஒங்க வூட்டு ஆடு நல்லா வெங்காயம் போடுது அக்கா," என்றாள் அவள். மாமா சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிக்க வரவில்லை. அறுவடை நாளில் எல்லாரும் வெங்காயத்தின் தாள் அறுக்கும்போது, பரீட்சைக்குப் படம் போட வேண்டும் என்று நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு நழுவுவேன். என் பங்கையும் அக்காதான் அறுத்தாள். அந்த வெங்காயம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது எனக்காக, வெங்காயம் விளைவிக்கும் ஒருத்தியிடமே அக்கா பொய் சொன்னாள்; அதுவும் அரை நிமிடம் நிற்கவில்லை.

பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். சென்னைக்கு என்ன தெரியப்போகிறது? அக்கா என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். டைரக்டரை அழைத்தேன்.

"சார், பட்டறையை மாத்தணும்."

"ஏன்? அழகா இருக்கே."

"தப்பா இருக்கு சார்."

"குன்னத்துக்காரன், போட்டோவே வேணாம்னீங்களே?"

"தெரியாம சொல்லிட்டேன். நான் சரியாப் பார்த்ததே இல்ல."

 "ரெண்டு நாள் எடுத்துக்கங்க. இனிமே போட்டோ அனுப்பிடறேன்," என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமா என்னையும் அக்காவையும் காட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே பட்டறைக்குக் கல்மேல் கழிகளைப் பரப்பி, சுற்றிலும் இடைவெளி விட்டுத் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்திருந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் குனிந்தேன். அந்தப் பக்கம் நின்ற அக்காவின் புடவை வெங்காயத்துக்கு நடுவே துண்டுதுண்டாகத் தெரிந்தது.

"நல்லாப் பாத்துக்க தம்பி," என்றாள். "ஆட்டுக் கொட்டாய்ன்னு நான் சொன்னத அவ இந்நேரம் தெருவுல பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பா."