ஈரக் கொழுந்துக்குக் கழிவு

போன கிழமை முழுக்க பதுளையில் ஆஸ்பத்திரி வாசம். பயப்படாதீர்கள்... நோயாளி நானில்லை!

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடைபோட்ட கணக்கப்பிள்ளை ஐயா, மழையில் வழுக்கி விழுந்துவிட்டார். மண்டையில் பலத்த அடி. அந்தக் கலவரத்தில் கிட்னியும் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. மகன் கொழும்பில். ஊர்சுற்றியான எனக்கு ஒருபோதும் வேலையிருக்காது என்று எல்லோருக்கும் தெரியுமே — துணைக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

டயலிசிஸ் என்றால் நான்கு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். ஐயாவா? முதல் நாள் பத்தே நிமிடத்தில் கழுத்துக் குழாயைப் பிடித்து இழுத்தார். மிஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. இரத்தம் சுத்தமாகாவிட்டால் ஆள் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். தூக்க ஊசி போட்டால் தலையின் நிலைமை தெரியாது. கையைக் கட்டவோ, நர்ஸ் புஷ்பா மிஸ்ஸிக்கு மனசில்லை.

மறுமுறை, உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்க்க, மிஸ்ஸி அவரைத் தராசில் ஏற்றினார். ஐயா முள்ளையே உற்றுப் பார்த்தார்.

"எவ்வளவு கூட?"

"மூணு கிலோங்க."

"ஈரமா?"

மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பது தோட்டத்து வழக்கம். மிஸ்ஸியும் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர்தான். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க ஐயா, அத்தனையும் ஈரம். இந்த மிஷின்தான் கழிக்கும். நீங்க ஆடாம இருந்து பாத்துக்கணும்."

"கழி, கழி! ஈரத்தோட ஃபெக்டரிக்கு அனுப்புனா தொரை என்னையத்தானே ஏசுவாரு!"

அவ்வளவுதான். நான்கு மணி நேரம்... மிஷினை விட்டுக் கண்ணெடுக்கவில்லை மனிதர்!

தலையில் அடிபட்டவருக்கு இரத்தத்தை மெதுவாகத்தான் சுத்தம் செய்ய வேண்டுமாம். அவசரப்பட்டால் மூளை வீங்கும். அதனால் மிஸ்ஸி அடிக்கடி குனிந்து, "ஐயா, இது எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் பிசகினால் ஆபத்து.

"பதுளை! எத்தன தரம் கேப்ப? வேலையப் பாரு புள்ள!"

மிஸ்ஸிக்கு அந்த ஏச்சில் அத்தனை சந்தோஷம்.

கொழும்பிலிருந்து ஒரு நாள் வந்து பார்த்துப் போன மகனின் பெயரே மறந்து போனவர்தான் ஐயா. ஆனால் முப்பது வருஷம் பார்த்த வேலை அவ்வளவு லேசில் விட்டுப் போகுமா?

முடிந்ததும் மறுபடி தராசு. மூன்று கிலோ சரியாகக் குறைந்திருந்தது. ஐயா தலையாட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஐயா, வெயில் நாள்லயும் எங்கம்மா கூடையில ரெண்டு கிலோ கழிச்சீங்களே... அது என்ன ஈரமுங்க?"

ஐயா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மண்டையில அடிபட்டவன்கிட்ட கேக்குற கேள்வியா தம்பி இது?"

"தலை நல்லாத் தெளிஞ்சிருச்சு!" என்றார் மிஸ்ஸி.