ரக்னில்டின் காலுறைக் கேள்வி

வட ஸ்வீடனில் எங்கள் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு ஓராண்டு கழித்துக் கேள்வித்தாள் அனுப்புவது முப்பத்தொரு ஆண்டுகளாக என் வேலை. நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் பதில் எழுதினார்கள்.

ஒரு கூட்டத்தில், சிகிச்சையின் உண்மையான பயன் எது என்று தலைமை மருத்துவர் கேட்டார். வலி குறைந்ததன் சராசரியை நான் சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகளாக வார்டில் உதவி நர்ஸாக இருக்கும் ரக்னில்ட் காப்பியை உறிஞ்சியபடி, “அல்கோட், உன் சராசரி தானா குனிஞ்சு சாக்ஸ் போட்டுக்குமா? எங்க ஆளுங்க அதைத்தான் கேக்கறாங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ‘தானாகக் குனிந்து காலுறை போட முடிகிறதா?’ என்ற அவள் கேள்வியே கேள்வித்தாளின் முதல் வரியானது. எனக்கு வயிறு எரிந்தது.

பதில்கள் குறையும் என்று காத்திருந்தேன். அந்த ஆண்டு நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் எழுதினார்கள். ஆண்டறிக்கையில் மாற்றத்துக்குக் காரணமானவர் பெயரை எழுத ஒரு கட்டம் உண்டு. அதை இரண்டு நாள் வெறுமையாக விட்டிருந்தேன். மூன்றாம் நாள் ரக்னில்டின் பெயரை முழுதாக எழுதினேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.