போதகரை வியாபாரியாக்கிய அக்கா

என் மகள் ஜெனியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். ஆங்கில இலக்கியம் மட்டும் தென்னூரில் எங்கள் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லா அக்கா சொல்லித்தந்தார். ஜெபத்தோடு தொடங்கி, பழைய நாவல்களை விசுவாசத்தோடு பொருத்தி அழகாக விளக்குவார். புத்தகத்துக்குப் பதிலாக அவரே டைப் செய்த ஜெராக்ஸ் தாள்களைத் தருவார். நான் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை!

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் தோழி வீட்டில், அக்கா நடத்திய நாவல் ஒன்றின் அசல் புத்தகத்தைப் பார்த்த ஜெனி, வாங்கி வந்து முழுதாகப் படித்தாள்.

"அம்மா, இதுல கதாநாயகியை ஏமாத்துறவர் வியாபாரி இல்ல, போதகர்! அக்கா மாத்தினது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். என்னையும் சந்தேகிக்கிறாள்!

நேரே அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"பிள்ளைங்க விசுவாசம் ஆட்டம் கண்டுடக் கூடாதுன்னுதான் மாத்தினேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா நீ சம்மதிச்சிருப்பியா?"

வேதமே யாருடைய பாவத்தையும் மறைக்கவில்லை. இவர் யார் மறைக்க?

இப்போது ஒவ்வொரு நாவலையும் முதலில் நான் முழுதாகப் படிக்கிறேன். பிறகு ஜெனிக்கு வாசித்துக் காட்டி, நல்லது கெட்டதை இருவரும் பேசுகிறோம். ஆனாலும் நான் வாசிக்கும்போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்து, பக்கத்தில் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்கிறாள்.