விடுதி வை-ஃபையும் இரண்டு மேடம்களும்

பெருந்தேவிக்கு அந்தக் கல்லூரியில் பிடிக்காத ஒரே சொல் ‘மேடம்’. அதுவும் துர்காதேவி வாயிலிருந்து வரும் மேடம்.

ஏனாத்தூர்ப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியில்தான் இருவரும் கணினி அறிவியல் படித்தார்கள். பெருந்தேவி சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வருவாள். துர்கா பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அப்போது கல்லூரி முழுமைக்கும் இணையம் என்பது ஆய்வகத்தின் மூலையில் இருந்த சில கணினிகள்தான். ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட தேவசகாயம் சார் கதவைத் திறப்பதற்கு முன்பே இருவரும் போய் நிற்பார்கள். ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினார்கள். துர்கா தன் முதல் கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல், பக்கத்துக் கணினிக்கு நகர்ந்திருந்த பெருந்தேவிக்கே அனுப்பினாள். அது வந்து சேர்வதற்குள் இருவரும் மூன்று மாதாந்திரத் தேர்வுகளுக்கான கேள்விகளைப் பேசி முடித்திருந்தார்கள். வந்ததும் கைதட்டினார்கள். சார் திட்டினார். கடிதத்தில் இருந்தது ‘சாப்பிட்டியா’ என்ற ஒரு வார்த்தை.

படிப்பு முடிந்தபின் பெருந்தேவி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் வேலை பார்த்தாள். கல்யாணமாகிச் சென்னை போனாள். சண்டை எதுவும் இல்லை. எண்கள் மாறின, பேச்சு நின்றது. பல வருடம் கழித்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி, படித்த கல்லூரியிலேயே நெட்வொர்க் பொறுப்பில் சேர்ந்தபோது, துர்கா அங்கே பேராசிரியை, பெண்கள் விடுதிக்கு வார்டன். முதல்வர் அறையில் எல்லார் எதிரிலும், “வாங்க மேடம்” என்றாள் துர்கா. பெருந்தேவியும், “வணக்கம் மேடம்” என்றாள். அன்று ஏறிய மரியாதை அதன்பின் இறங்கவே இல்லை.

இந்த வருடம் விடுதியில் வை-ஃபை படுத்திற்று. மாலையானால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. துர்காவிடமிருந்து புகார் மேல் புகார். பெருந்தேவி மாடியில் இருந்த வை-ஃபை பெட்டிகளை மாற்றினாள். அடுத்தடுத்த பெட்டிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதபடி அலைவரிசைகளைப் பிரித்து வைத்தாள். ஒரு நாள் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். மறுநாள் பழைய கதை.

ஒரு மாலை துர்கா புகார் எழுதவில்லை. நேராகப் பெருந்தேவியின் அறைக்கு வந்து நின்றாள்.

“மேடம், ஸௌம்யான்னு ஃபைனல் இயர் பொண்ணு. வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூ நடந்துக்கினு இருக்கும்போதே நெட்டு போயிடுச்சு. அழுதுக்கினு இருக்குது. வெள்ளிக்கிழமை இன்னொரு சான்ஸ் குடுத்துருக்காங்க. நீங்களே வந்து பாருங்க.”

பெருந்தேவி மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். விடுதிப் படிக்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போனை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஸௌம்யா தன் போனை நீட்டினாள். சிக்னல் முழுசாக இருந்தது. இணையம் மட்டும் இல்லை.

“எப்பவுமே இப்படியா?” என்றாள் பெருந்தேவி.

“ஞாயித்துக்கிழமைல மட்டும் சூப்பரா இருக்குது மேடம்,” என்றாள் ஸௌம்யா.

துர்கா யோசித்தாள். “ஆமா. போன வாரம் ஒரு நாள் பஸ் ஓடலையே, அன்னைக்கும் ஒரு புகார்கூட வரலை.”

பெருந்தேவி படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். ஞாயிறு, பஸ் ஓடாத நாள். இரண்டிலும் விடுதிப் பெண்கள் இங்கேதான் இருந்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் வரவில்லை. மடிக்கணினியில் சர்வரைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

“துர்கா, இங்க பாருடி,” என்றாள், தன்னை அறியாமல். “நெட்ல சேர்ற ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் குடுக்கணும். காலம்பற டே ஸ்காலர்ஸ் வந்து வாங்கிக்கறா. சாயங்காலம் ஆத்துக்குப் போனப்புறமும் அது அவா பேர்லயே கெடக்கறது. இங்க இருக்கறவாளுக்குக் குடுக்க மீதி இல்லை.”

துர்கா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு, “அப்போ வாலாஜாபாத்துக்குப் போய்க் காப்பி குடிச்சிக்கினு இருக்கிற பொண்ணுக்கு இங்க நம்பர் இருக்குது, எம்பொண்ணுங்களுக்கு இல்லை. அப்படித்தானேடி?” என்றாள்.

“அப்படியேதான்.”

படிக்கட்டில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வார்டன் யாரையும் ‘டி’ போட்டுப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

பெருந்தேவி அங்கேயே வேலையை முடித்தாள். ஒரு போன் போய்விட்டால் அதன் எண் சீக்கிரமே திரும்பி வரும்படி மாற்றினாள். விடுதிக்கென்று எண்களைத் தனியாகப் பெருக்கி ஒதுக்கினாள். படிக்கட்டில் ஒவ்வொரு போனாக ஒலி எழுப்பத் தொடங்கியது. பெண்கள் எழுந்து அறைகளுக்கு ஓடினார்கள்.

தோழிகள் இருவரும் பழைய ஆய்வகத்தைப் பார்க்கப் போனார்கள். அதைத் தடுத்து இரண்டு வகுப்பறைகளாக ஆக்கியிருந்தார்கள். தங்கள் கணினி எந்த இடத்தில் இருந்தது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஜன்னல் பக்கம் என்றாள் துர்கா. கதவுப் பக்கம் என்றாள் பெருந்தேவி. சாரின் செருப்புச் சத்தம் மட்டும் இருவர் நினைவிலும் ஒன்றாகவே இருந்தது. வெகுநேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை ஸௌம்யா நேர்காணலைத் தடையில்லாமல் முடித்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வேறொன்று கிடைத்தது.

நேர்காணல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே துர்கா சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தாள். பெருந்தேவியின் அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். வாசலில் குரல் கேட்டதுமே, “யாரது, பிள்ளையார்பாளையத்துப் பொண்ணா? வழி இப்பத்தான் தெரிஞ்சுதா நோக்கு?” என்றார்.

“தெரிஞ்சுதும்மா. உங்க பொண்ணுதான் மேடம் ஆயிட்டா,” என்றாள் துர்கா.

“இவளா மேடம்?” என்று அம்மா சிரித்தார். பெருந்தேவி உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்தாள்.